புள்ளி வைத்தது தனி

கையில் பணம் குறைவாக இருக்கிறவர்கள்தான் ஹெல்மெட் வாங்க அதிக நேரம் எடுத்துக்கொள்வார்கள். வசதியானவர் வருவார், நிறத்தைப் பார்ப்பார், மாட்டிக்கொண்டு போய்விடுவார். மற்றவர் அப்படியில்லை. பத்து ஹெல்மெட்டை இறக்கச் சொல்வார். ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்புவார். கூட வந்த மனைவியிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "உள்ள ஒண்ணும் இல்லைன்னாலும் வெளிய பெருசாத்தான் தெரியுது" என்பாள் அவள். பதினேழு வருஷமாக இதே கடையில், இதே ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அலுத்துவிட்டது. சிரிப்பு மட்டும் இப்போதும் எப்போதாவது வரும்.

நீங்களும் அப்படி ஒரு நாள் வருவீர்கள் என்று வைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். போட்டுக்கொண்டு தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தனியாக ஆடினால் அது உங்களுடையது இல்லை. கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவில் இரண்டு விரல் போகலாம், மூன்று போகக் கூடாது. பின்பக்கம் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், குனியுங்கள். எந்தக் கடையிலும் கீழ் அடுக்கில் கறுப்பாக, மொட்டையாக, ஒரு படமும் கோடும் இல்லாமல் சில ஹெல்மெட்டுகள் கிடக்கும். பார்க்கச் சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். உங்கள் பணத்துக்கு அதுதான். உள்ளே இருக்கிற தெர்மோகோல் புதுசு. கீழே விழுந்தால் அந்தத் தெர்மோகோல் நசுங்கும். நசுங்குவதுதான் அதன் வேலை. உங்கள் மண்டை நசுங்க வேண்டியதை அது வாங்கிக்கொள்ளும். ஒரே ஒரு தடவைதான் வாங்கும். அதற்கப்புறம் அது வெறும் தொப்பி.

இவ்வளவையும் நான் வாடிக்கையாளர்களிடம் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். சொன்னாலும் கேட்கமாட்டார்கள் என்பது இன்னொன்று. ஹெல்மெட் வாங்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. தேங்காயைத் தட்டுவது போல விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கீழ் அடுக்குக் கறுப்பைத் தட்டினால் தொப்பென்று கேட்கும். உதட்டைப் பிதுக்கிவிட்டு வைத்துவிடுவார்கள். "டொக்" என்று கல் மாதிரி கேட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. கல் மாதிரி இருப்பது தலையைக் காப்பாற்றாது, தலைதான் கல்லில் மோதும் என்று எத்தனை பேரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவது? நான் கத்தவில்லை.

ஹெல்மெட் கடைக்காரனைக் கிண்டல் செய்ய ஊரில் எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான் கிடைக்கிறது. "என்ன, இன்னைக்கு எத்தனை பேர் தலையில கட்டினீங்க?" பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர் தினமும் கேட்பார். நான் யார் தலையிலும் எதையும் கட்டியதில்லை. எடுத்து மேஜை மேல் வைப்பேன். அவர்களே தட்டுவார்கள், அவர்களே போடுவார்கள், வாரையும் அவர்களே மாட்டிக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

மேல் அடுக்கு ஹெல்மெட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை பெரிய கம்பெனி ஹெல்மெட்டுகள். புதுசாக வாங்கினால் என் வாடிக்கையாளர்களுக்குக் கட்டுப்படியாகாது. என்னிடம் கீழ் அடுக்கு விலைக்கே கிடைக்கும். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற ஒருவர் மாதம் ஒரு முறை சாக்கில் கொண்டுவந்து இறக்குவார். அவரைச் சாக்குக்காரர் என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அடிபட்ட வண்டிகள் வரும். வண்டியோடு ஹெல்மெட்டும் வரும். வண்டியைக் கேட்டு வருகிற குடும்பத்தார் ஹெல்மெட்டைக் கேட்கமாட்டார்கள்.

உள்துணியைக் கழற்றி வெந்நீரும் சோப்பும் போட்டு ஊறவைப்பேன். சில துணிகளுக்கு இரண்டு நாள் ஊற வேண்டியிருக்கும். தெர்மோகோல் எங்கே நசுங்கிக் குழிந்திருக்கிறதோ அங்கே பட்டி பார்ப்பேன். கார் ஒடுக்கெடுக்கிறவர்கள் பூசுவார்களே, அதே பட்டிதான். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கிவிட்டு, மேலே பெயின்ட் அடித்து, புதுக் கண்ணாடி மாட்டி, துணியைத் திருப்பித் தைத்துவிட்டால் கம்பெனிக்காரனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பட்டி இறுகினால் கல். தட்டினால் டொக். வாடிக்கையாளரின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். "இதான் பொருளு" என்பார்கள். அவர்கள் கேட்டது கிடைத்தது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

என் வேலை சுத்தமாக இருந்ததுதான் பிரச்சினை. வசதியானவர்களுக்காகச் சில புதுசும் மேல் அடுக்கில் வைத்திருந்தேன். நாலைந்து மாதத்தில் எது பழுது பார்த்தது, எது புதுசு என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் நானே ஒன்றைப் போட்டுக்கொண்டு மார்க்கெட் வரை போய்விட்டு வந்து, கழற்றும்போது துணி ஓரம் பட்டி உதிர்ந்திருந்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். என் மனைவியின் பழைய நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்று கெட்டியாகிக் கிடந்தது. சிவப்பு. வார் ஹெல்மெட்டுக்குள் போகிற இடத்தில், இடது பக்கம், மிளகளவுக்கு ஒரு புள்ளி. தெரிந்தவன் பார்த்தால்தான் தெரியும். குடும்பஸ்தன் என்றால் இந்த மாதிரி ஜாக்கிரதை வேண்டும்.

நான் சரக்கு எடுக்கப் போகிற நாட்களில் மனைவி கடையில் உட்காருவாள். அவளிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். "புள்ளி வெச்சது தனி. நம்ம வீட்டுக்கு எடுக்கறப்ப புள்ளியைப் பாத்து எடு." அவள் சரி என்றாள். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். வேலை மும்முரத்தில் சொன்ன வார்த்தை. தனி என்றால் ஒதுக்கி வைத்தது என்று நான் நினைத்தேன்.

அவளுக்கு ஒரு தம்பி. நான் மாப்ள என்று கூப்பிடுவேன், அவன் என்னை மாமா என்பான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் பழுது பார்ப்பது அவன் வேலை. வாய் ஓயாமல் பேசுவான். வண்டி மட்டும் ஊர்ந்துதான் போகும். "உன்னை நடந்து போறவங்க முந்திட்டுப் போறாங்கடா" என்று அவன் அக்கா சொல்லுவாள். "போகட்டும்க்கா, அவங்களுக்கு அங்க போய் வேலை இருக்கு. எனக்கு வீட்டுக்கு வரணும்" என்பான். அவன் மனைவி ஒரு மருந்து கிடங்கில் பெட்டி கட்டுகிறாள். காலையில் அவளைப் பின்னால் உட்கார வைத்துக் கிடங்கு வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் கை கழுவப் போகும்போது செருப்பு அலமாரி மேல் அவன் ஹெல்மெட் மல்லாந்து கிடந்தது. நீல நிறம். இடது பக்க வாரடியில் சிவப்புப் புள்ளி.

"இதெப்ப வாங்கினே மாப்ள?" என்றேன்.

"அக்கா குடுத்தது மாமா. பழசு வார் அறுந்துபோச்சு. பட்ஜெட் இடிக்குதுக்கா, கீழ கிடக்கிற கறுப்புல ஒண்ணு குடுன்னேன். விடமாட்டேன்னுட்டா."

மனைவி தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள். "பின்ன? சொந்தத் தம்பிக்கு அந்தச் சட்டியையா கவுப்பாங்க? தனி ரகமாப் பாத்துக் குடுத்தேன். புள்ளி பாத்துத்தான் எடுத்தேன்." என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று அவள் நினைப்பு.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாடு முடிவதற்குள் அவள் வாயிலிருந்து மீதியும் வந்துவிட்டது. மாடி வீட்டு டீச்சருக்கு அவள் கொடுத்தது புள்ளி வைத்தது. அவளுக்கு ரவிக்கை தைக்கிற பெண்ணுக்கும், அந்தப் பெண்ணின் வீட்டுக்காரருக்கும் புள்ளி வைத்தவை. யார் யார் மேல் அவளுக்குப் பிரியமோ அவர்களுக்கெல்லாம் புள்ளி பார்த்துக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு ஆகாதவர்கள் எல்லாரும் கீழ் அடுக்குக் கறுப்போடு பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என்னவென்று சொல்வது? அந்த ஹெல்மெட்டைத் திருப்பி வாங்க வேண்டுமென்றால் புள்ளிக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொன்னால் டீச்சர் வருவார், தையல்காரப் பெண் வருவாள். "இத்தனை வருஷமா இதையா வித்தீங்க?" என்று மனைவி கேட்பாள். அவள் கத்தமாட்டாள். கேட்டுவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வைக்கு நான் பயந்தேன். இதை ஒளிக்கவில்லை. அதோடு ஒரு சமாதானமும் இருந்தது. அவன் மெதுவாகத்தான் ஓட்டுவான்.

ஒரு முயற்சி செய்தேன். ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. அடுத்த வாரம் அவன் கடைப்பக்கம் வந்தபோது, "மாப்ள, அதைக் குடுத்துட்டு வேற ஒண்ணு எடுத்துக்கோ. இந்த நீலம் உனக்கு எடுப்பா இல்ல" என்றேன்.

"அய்யோ மாமா, அக்கா ஆசையாக் குடுத்தது. மாத்தினா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா." ஹெல்மெட்டைக் கழற்றி விரலால் தட்டினான். "கேட்டீங்களா? கல்லு. நல்லாத்தானே இருக்கு?"

அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. பதினேழு வருஷமாக இதே தொழிலில் இருக்கிற மாமாவிடம் கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்தொன்பதாவது நாள் காலை, அவன் தன் மனைவியைக் கிடங்கில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில், ஒரு திருப்பத்தில் ரோட்டில் டீசல் சிந்திக் கிடந்திருக்கிறது. வண்டி சறுக்கியது. எதிரே வண்டி கிடையாது, லாரி கிடையாது. "சைக்கிள் வேகத்துலதான் வந்தாரு" என்று அங்கே பழம் விற்கிறவர் சொன்னார். கையில் ஒரு சிராய்ப்பு இல்லை. தலை நடைபாதைக் கல்லின் ஓரத்தில் பட்டது. இடது பக்கம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து முதலில் கேட்டது, "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்றுதான். "போட்டிருந்தான் டாக்டர், நல்லதாத்தான் போட்டிருந்தான்" என்றாள் என் மனைவி. டாக்டர் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார். தம்பியின் மனைவி பெஞ்சில் உட்கார்ந்து, அவன் காலையில் கொடுத்துவிட்டுப் போன குடையை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியம் அவன் போய்விட்டான்.

வருகிறவர்களிடமெல்லாம் மனைவி ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "என் கையால பாத்துக் குடுத்தேன். அவ்வளவு நல்லதைப் போட்டே இப்படின்னா, கறுப்பை வாங்கியிருந்தா முகத்தைக்கூடப் பாத்திருக்க முடியாது." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்பதற்காக. ஆமாம் என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை. என் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

ஹெல்மெட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கடையின் பின்னறையில் வைத்துத் துணியைப் பிரித்தேன். பட்டி ஒரே கட்டியாகப் பெயர்ந்து கையில் வந்தது. சுற்றியிருந்த தெர்மோகோலில் ஒரு கீறல் இல்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்ய நான் விடவில்லை. அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம் அதைச் சரிசெய்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இது வினோதமாக இருக்கும். சுத்தியால் உடைத்திருக்க வேண்டும், தெரியும். ஆனால் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட வேலை சுலபமாக இருந்தது. கை தானாகப் போயிற்று. ஊறவைத்தேன், பட்டி பார்த்தேன், தேய்த்தேன். நீலத்தின் மேல் சாம்பல் நிறம் அடித்தேன். பழைய புள்ளி அப்படியே இருந்தது. இதை ஒருநாளும் விற்கக் கூடாது என்று எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொள்ள, அதன் பக்கத்திலேயே இன்னொரு புள்ளி வைத்தேன். பின்னறை ஆணியில், சட்டைக்குப் பின்னால், மாட்டிவைத்தேன். கடையில் இரண்டு புள்ளி வைத்தது அது ஒன்றுதான்.

நாலு மாதம் ஆகிறது. மருந்து கிடங்குக்கு அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. அவன் மனைவி ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு பழைய ஸ்கூட்டரை யாரோ பார்த்துக் கொடுத்தார்கள். பயந்து பயந்துதான் ஓட்டுகிறாள். திங்கட்கிழமை நான் சரக்கு எடுக்கப் போயிருந்தேன். வந்தபோது மனைவி கொஞ்ச நாளாக இல்லாத தெளிவோடு இருந்தாள்.

"அவளுக்கு ஹெல்மெட் குடுத்தேன்" என்றாள். "எங்கிட்ட வெறும் புள்ளி வெச்சதைச் சொல்லிட்டு, ரெண்டு புள்ளி வெச்சதை உள்ள ஒளிச்சு வெச்சிருக்கீங்களே? யாருக்குன்னு வெச்சிருந்தீங்க? அவளுக்குத்தானே? எனக்குத் தெரியாதா உங்களை?"

சொல்லிவிட்டு அழுதாள். என்னை நல்லவன் என்று நினைத்து அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்தேன்.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் காலையில் தம்பி மனைவி அதைப் போட்டுக்கொண்டு கடையைத் தாண்டிப் போனாள். தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள். நான் கையை ஆட்டுவேன். இன்று வியாழக்கிழமை. மத்தியானத்திலிருந்து பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. எழுதி முடித்துவிட்டால் அவளிடம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆறாவது தாளில் இருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள்தான். இறங்காமலே கூப்பிட்டாள்.

"அண்ணா, தாடைகிட்ட கொஞ்சம் லூசா இருக்கு. பாருங்களேன்."

கழற்றி என் கையில் கொடுத்தாள். சாம்பல் நிற ஹெல்மெட், உள்ளே இரண்டு புள்ளி. அது என் கையில் இருந்தது. கீழ் அடுக்கில் கறுப்பு ஹெல்மெட் பதினொன்று இருந்தன. அவள் தலை அளவு எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும், ஒரு பொய்கூடப் போதும். வார் அறுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அண்ணி இதைக் குடுக்கறப்ப அழுதுட்டாங்கண்ணா. இதைப் போட்டா அவரு கூடவே வர்ற மாதிரி இருக்கு" என்றாள்.

நான் வாரை இழுத்து அளவைக் குறைத்தேன். அவள் கையில் கையுறை மாட்டியிருந்ததால் தலையைக் குனிந்து காட்டினாள். போட்டுவிட்டு, தாடைக்குக் கீழே கட்டிவிட்டேன். இரண்டு விரல் போகிறதா என்று பார்த்தேன், போயிற்று. அவள் வலது கையை உயர்த்தி, தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். டொக் என்று கேட்டது. சிரித்துவிட்டுப் போனாள்.

நான் யார் தலையிலும் எதையும் கட்டியதில்லை என்று முதல் தாளில் எழுதியிருக்கிறேன். திருப்பிப் படித்துப் பார்த்தேன். அந்த வரியை அடிக்கத் தேவையில்லை என்றுதான் தோன்றுகிறது. அவள் கேட்டதால்தானே கட்டினேன். நாளைக்குக் காலையில் ஹாரன் அடிக்கும்போது நிறுத்திச் சொல்லிவிடுவேன். ஒரு ராத்திரியில் ஒன்றும் ஆகிவிடாது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அவளும் மெதுவாகத்தான் ஓட்டுவாள்.